தணலும் ஒரு கையிருப்புத்தான்

மின்சாரம் என்றதும் மாதப் பட்டியல்தான் எமக்கு நினைவுக்கு வருகிறது. நான் செல்லும் பெண்கள் குழுக் கூட்டங்களிலும் கட்டணம் பற்றியே பேச்சு. கையிருப்பு மின்வலு பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது ஏன் என்று விளங்க வேண்டுமானால், இதைத்தான் முதலில் அறிய வேண்டும்.

நெல்லைப் போல மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது. பற்றரிகளில் ஓரளவு சேமிக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு விநாடியும் செலவாகும் அளவுக்கே உற்பத்தியும் இருக்க வேண்டும். உற்பத்தி திடீரெனக் குறைந்தால் இயந்திரங்களின் வேகம் தளரும். மிகவும் தளர்ந்தால் பழுதாகாமல் இருக்க அவை தாமாகவே நின்றுவிடும். ஒன்று நிற்க, அதன் பாரம் மற்றவற்றின் மேல் ஏறும், அவையும் நிற்கும்.

குளிர்ந்த அடுப்பை மூட்ட எவ்வளவு நேரமாகும் என்பது எங்களுக்குத் தெரியும். சாம்பலுக்குள் தணல் இருந்தால் இரண்டு சுள்ளி போதும். முழு வலுவில் ஓடாமல், கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு சுழலும் நீர்மின் இயந்திரங்கள் அந்தத் தணல் போன்றவை. நிலக்கரி நிலையமோ நின்றால் பழைய நிலைக்கு வர நாட்கள் எடுக்கும். ஓடுகின்றவற்றில் மிகப் பெரிய இயந்திரம் நின்றாலும் தாங்க வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. நுரைச்சோலையில் ஒவ்வோர் இயந்திரமும் 300 மெகாவோட்.

அன்று பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். குரங்கு எங்கும் ஏறும்; கேள்வி அதுவல்ல. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரைச் சூரியகல மின்சாரமோ அதிகம். அதனால் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. சூரியகலத்தில் அதிர்ச்சியைத் தாங்கச் சுழலும் பாரம் இல்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் வரை மின்வெட்டு.

இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் இருளில் இருந்தோமே, அப்போது அடுப்பு இருந்தது, விறகுதான் இல்லை.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். இன்று நாடு முழுவதும் ஒரே வலையமைப்பு. பாணந்துறையில் ஏற்படும் கோளாறு கிளிநொச்சியில் தையல் மெசினை நிறுத்தும். பெரிய ஹோட்டலுக்குச் சொந்த ஜெனரேற்றர் உண்டு. தைத்தும் ஐஸ்பக்கற் விற்றும் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு நாட்டின் கையிருப்பைத் தவிர வேறு கையிருப்பு இல்லை. அதற்குச் செலவு உண்டு, பயன்படாத நாளிலும் உண்டு. ஆகையால் சிக்கனம் என்றதும் முதலில் கைவைக்கப்படுவது அதில்தான் என்று நான் அஞ்சுகிறேன்.

கட்டணத்தை மாற்றும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கும். குழுவாகச் சேர்ந்து எழுதுங்கள். எவ்வளவு கையிருப்பு வைத்திருக்கிறீர்கள், அதற்கு எரிபொருளும் அணைகளில் நீரும் இருக்கின்றனவா, ஞாயிறு பகலுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.