கல்லடைப்பும் அதன் பரிகாரமும்

நோய்களுட் சில மெல்ல வளர்வன. சில இடிபோல் வந்து விழுவன. கல்லடைப்பை இரண்டாம் வகையென்றே பலரும் எண்ணுவர். உண்மையில், கல் ஓசையின்றி வளர்கின்றது. வலி மாத்திரமே திடீரென வருகின்றது. இவ்வேற்றுமையை உணராமையாற் சிலர் தம் சிறுநீரகத்தையே இழக்க நேரிடுகின்றது.

சிறுநீரகங்கள் இரவுபகலாக இரத்தத்தை வடிகட்டி, வேண்டாத உப்புக்களை நீரிற் கரைத்து வெளியேற்றுகின்றன. ஒரு குவளை நீரிற் சிறிது சீனியிட்டாற் கரைந்துவிடும். அள்ளியள்ளி இட்டால் அடியிற் படியும். அதுபோலவே சிறுநீர் செறிவுற்றால் உப்புக்கள் படிகமாகிக் கல்லாகத் திரளும். இக்கற்களுட் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்றால் ஆனவை. யூரிக் அமிலத்தாலும், கிருமித் தொற்றினாலும் உண்டாவனவும் உள.

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலும் அதனை அடுத்த செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் சற்று நடந்து பாருங்கள். உலையருகே பொன்வேலை செய்வோர், மூட்டை சுமக்கும் நாட்டாமிமார், துறைமுகத் தொழிலாளர் ஆகியோர் வியர்வையாய் இழக்கும் நீர் கொஞ்சமன்று. அதனை ஒரு கோப்பைத் தேநீர் ஈடுசெய்யுமா? மலசலகூடத்திற்குச் செல்லக் கூசி, பகல் முழுதும் நீரருந்தாதிருக்கும் மாணவிகளை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். அவர்களுக்குத் தூய்மையான வசதி செய்து கொடுப்பதும் நோய்த்தடுப்பே.

சிறுநீரகத்திற் கிடக்கும் கல் பெரும்பாலும் வருத்துவதில்லை. அது சிறுநீரை இறக்கும் ஒடுங்கிய குழாயில் அகப்படும்போதே விலாப்புறத்திலிருந்து அடிவயிறு நோக்கி வலி பாய்கின்றது. வாந்தியும், சிறுநீரில் இரத்தமும் காணலாம். பின்னர் வலி தணிந்துவிடின், கல் விழுந்துவிட்டதென மகிழ்கின்றோம். விழுந்திருக்கலாம்; அசையாது அடைத்துக்கொண்டும் இருக்கலாம். அவ்வாறு அடைபட்ட சிறுநீரகம் வாரக்கணக்கில் வலியின்றியே பழுதடையக்கூடும். ஆதலின் கல் போயிற்றா என்பதை ஸ்கான் பரிசோதனையால் உறுதிசெய்தல் வேண்டும். வலியுடன் குளிர்காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் முற்றாக நின்றாலோ அன்றைக்கே வைத்தியசாலை செல்லுதல் அவசியம்.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறும். வலிக்கு மருந்தும் பொறுமையும் போதும். யூரிக் அமிலக் கற்களை மருந்தினாற் கரைக்கலாம். கல்சியக் கற்கள் அவ்வாறு கரைவதில்லை. அவற்றுட் சிலவற்றை உடலைக் கீறாது அதிர்வலைகளால் நொறுக்கலாம். இம்முறையின் தோற்றம் சுவையானது. விரைந்து பறக்கும் விமானத்தின்மீது மழைத்துளி மோதும்போது எழும் அதிர்வை ஆராய்ந்தது ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம். அவ்வாராய்ச்சியின் வழிவந்த கருவி 1980இல் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. குழாயிற் சிக்கிய கல்லை, சிறுநீர் வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி லேசர் ஒளியாற் பொடியாக்குவர். பெரிய கல்லை முதுகிலிட்ட சிறு துளைவழியே எடுப்பர். வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை இன்று அருகிவிட்டது.

கல் ஒருமுறை வந்தவர்க்கு மீண்டும் வரக்கூடும். நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியுமளவு நீரருந்துதல் நன்று. இதயநோயாளரும் சிறுநீரக நோயாளரும் வைத்தியரைக் கேட்டே அளவை வகுத்துக்கொள்க. உப்பைக் குறைத்திடுக. கல்சியம் உள்ளதென அஞ்சிப் பாலையும் தயிரையும் விலக்க வேண்டியதில்லை. உணவிலுள்ள கல்சியம் ஒட்சலேற்றைக் குடலிலேயே பிணித்துவிடும். ஆனால் மருந்தென நம்பிப் பிலிம்பிக்காய்ச் சாற்றையும் காமரங்காய்ச் சாற்றையும் பெருமளவிற் குடித்தல் ஆபத்தாகும். அவற்றில் ஒட்சலேற்று மிகுதி. அவற்றாற் சிறுநீரகம் செயலிழந்தோரை இலங்கை வைத்தியர்கள் கண்டுள்ளனர். வாழைத்தண்டுச் சாறோ நெருஞ்சிற் கஷாயமோ அருந்துவோரும் பரிசோதனையைக் கைவிடலாகாது.

நேயர்களே, வலி என்பது கல் விடுக்கும் அறிவித்தல் மாத்திரமே. அறிவித்தல் நின்றுவிட்டதனாற் கல் போய்விட்டதென்று கொள்ளாதீர்கள். பரிசோதித்து அறிவோம், தாகமெடுக்குமுன் நீரருந்திக் காத்துக்கொள்வோம்.