ஊருக்குக் கிளம்புகிறீர்களா? பாத்ரூமைக் கொஞ்சம் கவனியுங்கள்!

லீவு முடிந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் குப்பென்று சாக்கடை நாற்றம். கூடவே கரப்பான்பூச்சிகள் வேறு! அடைப்பு என்று நினைத்து பிளம்பருக்கு போன் போடுவார்கள். பெரும்பாலும் அடைப்பெல்லாம் இருக்காது. தண்ணீர் வற்றியிருக்கும், அவ்வளவுதான்.

பாத்ரூம் தரையின் சல்லடை மூடிக்குக் கீழே ‘நஹானி டிராப்’ இருக்கும். அதில் சுமார் 2 அங்குலத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மேலே விடாமல் தடுக்கிறது. புழங்காமல் விட்டால், கோடையில் சில வாரங்களிலேயே அது காய்ந்துவிடும்.

கிளம்பும் அன்று, கடைசி ஆள் குளித்த பிறகு ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே 2 ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். வாஷிங் மெஷின் மூலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்!

மொட்டைமாடி டேங்கின் கேட் வால்வையும் மூடுங்கள். தண்ணீர் வராதபோது திறந்த குழாயை அப்படியே விட்டுப்போனால் டேங்கே காலியாகிவிடும். பல வருடம் தொடாத வால்வு இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் உடையும். ஒரு வாரம் முன்பே பிளம்பரிடம் காட்டிவிடுங்கள்.

திரும்பி வந்ததும், குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்ட பிறகு பல் தேய்க்கலாம்.