வெரைட்டி ஹால் எங்கே?

கோவை இரயிலடியில் இறங்கி வெரைட்டி ஹால் சாலைக்குச் சென்றோம். கடைப் பலகைகளில் அந்தப் பெயர் இருக்கிறது. கட்டடம் எங்கே என்று கேட்டோம். இடித்தாகிவிட்டது என்றார்கள்!

அதைக் கட்டியவர் பிறவிச் சீமானல்லர், தோழர்களே! சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில், இரயில்வேயில் மாதம் 25 ரூபாய் வாங்கிய ஊழியர். 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியும் படச்சுருள்களும் வாங்கினார். விலை 2,250 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழரை ஆண்டுச் சம்பளம்! வேலையை உதறினார். கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று ஏசுநாதர் வாழ்க்கைப் படத்தைக் காட்டினார். கொட்டகை பிரித்து, மறுபடி கட்டி, மழைக்கும் காற்றுக்கும் அஞ்சி எத்தனை இரவுகளோ! 1914இல் இங்கே நிலையான அரங்கை எழுப்பினார். பிற்காலத்தில் அது ‘டிலைட்’ ஆயிற்று.

நம் பஞ்சாலைத் தோழர்களில் எத்தனை பேருடைய பாட்டனார், தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு அங்கே தரையில் அமர்ந்து, வெள்ளைத் திரையில் உலகத்தைக் கண்டிருப்பார்!

1942இல் வின்சென்ட் மறைந்தார். அவர் பெயர் பொறித்த கல்லொன்றைச் சாலை முழுதும் தேடினோம். நம் கண்ணில் படவில்லை. சாலையோரத்தில் ஒரு கல் நட மாநகராட்சிக்கு என்ன செலவாகிவிடும்?