வட்டமாக நின்று வாசிப்பவர்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஓஹையோ ஆற்றின் தென்கரையில் ஓவன்ஸ்பரோ என்றொரு ஊர் இருக்கிறது. சுமார் 60,000 பேர் வாழும் இடம். அந்நாட்டுக் கணக்கில் சிற்றூர்தான். ஆனால் புளூகிராஸ் என்ற இசைவகையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஊரைச் சொல்லாமல் போக முடியாது. 1985இல் உருவான சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கம் தன் ஆரம்ப காலத் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தது. ஆற்றோரத்தில் 2018இல் திறக்கப்பட்ட புதிய புளூகிராஸ் அருங்காட்சியகத்துக்குள் 447 இருக்கைகள் கொண்ட அரங்கும் உண்டு. அங்கே ஒரு மாலை நிகழ்ச்சிக்குப் போகும் வெளியூர்க்காரர், மலைவாழ் மக்கள் காலங்காலமாகப் பாடிவந்த ஆதி இசை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். இரண்டுமே தவறு. இந்த இசைக்கு அத்தனை வயதில்லை. அதைக் காப்பாற்றுவதும் கண்ணாடிப் பெட்டி அல்ல. கேட்க வருகிறவர்களில் பலர் வாசிக்கவும் தெரிந்தவர்களாக இருப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது.

முதலில் வயது. இந்த இசையின் தந்தை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பில் மன்றோ 1911இல் ரோசின் கிராமத்தில் பிறந்தார். ஓவன்ஸ்பரோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அண்ணன்மார் ஃபிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொள்ள, கடைக்குட்டிக்கு மிஞ்சியது மாண்டலின். நடன விருந்துகளில் ஃபிடில் வாசித்த தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவரிடமிருந்து மெட்டுகளையும், சுரங்கத் தொழிலாளியான கறுப்பினக் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸிடமிருந்து ப்ளூஸ் சாயலையும் பெற்றார். பிறகு பிழைப்பு தேடி வடக்கே போய், இண்டியானாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தார். 1939இல் நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர், மூன்று விரல்களால் பாஞ்சோவை அதிவேகமாக மீட்டும் தன் பாணியோடு மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகுதான் இன்று நாம் கேட்கும் புளூகிராஸ் ஒலி முழுமை பெற்றது. ஆக, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, வானொலி மைக்குக்கு முன்னால் உருவான இசை இது. ஆலை வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் அந்த ஊரை நினைத்துப் பாடியதால் பாடல்களில் பழமை தெரிகிறது.

காப்பாற்றுவது எது என்ற கேள்விக்கு, இசை நடக்கும் விதத்திலேயே விடை இருக்கிறது. பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிதார், டபுள் பேஸ் என்று ஐந்து வாத்தியங்கள். ஃபிடில் என்பது வயலின்தான், வாசிக்கும் முறைதான் வேறு. மாண்டலினும் உ. ஸ்ரீநிவாஸ் மூலம் நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் அவருடையதைப் போல மின்சாரத்தில் இயங்குவதல்ல. டிரம்ஸ் பொதுவாகக் கிடையாது. பேஸ் அடித்தாளத்தைப் பிடிக்க, மாண்டலின் எதிர்த்தாளத்தில் தந்திகளை வெட்டி வெட்டி அடித்து டிரம்ஸின் வேலையைச் செய்கிறது. பழைய முறையில் குழு முழுவதற்கும் ஒரே மைக். தனி வாசிப்பவர் அதன் அருகே வருவார், முடிந்ததும் விலகி அடுத்தவருக்கு இடம் விடுவார். ஒலி ஏற்ற இறக்கத்தைக் கால்களே பார்த்துக்கொள்ளும். கையில் தூக்கிப்போகக்கூடிய வாத்தியங்கள், மின்இணைப்பு வேண்டாத ஒலி, எல்லோரும் மனப்பாடமாக அறிந்த பாடல்கள். இவை இருந்தால் வாகன நிறுத்துமிடமே கச்சேரி மேடையாகிவிடும். முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் வட்டமாக நிற்பார்கள். பாட்டைத் தொடங்குபவர் சுருதியைச் சொல்வார். ஒவ்வொரு சரணத்துக்கும் இடையே தனி வாசிக்கும் முறை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். பாட்டை முடிக்கப்போவதற்கு அடையாளமாக, அதைத் தொடங்கியவர் காலைத் தூக்குவார். தனி வாசிக்கத் தெரியாதவர் தலையை அசைத்து முறையை அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வரலாறும் இதற்குச் சான்று. 1950களின் நடுவில் எல்விஸ் பிரெஸ்லியும் ராக் அண்ட் ரோலும் வந்ததும் புளூகிராஸ் குழுக்களின் சந்தை சுருங்கியது. (எல்விஸின் முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருந்தது மன்றோவின் பாடல்தான் என்பது வேடிக்கை.) 1965இல் கார்ல்டன் ஹேனி என்பவர் வர்ஜீனியாவின் ஃபின்காசில் அருகே ஒரு குதிரைப் பண்ணையில் பல நாள் புளூகிராஸ் விழா ஒன்றை நடத்தினார். அதைப் பார்த்து நாடெங்கும் விழாக்கள் பெருகின. ரசிகர்கள் வாத்தியங்களோடு வந்து கூடாரமடித்துத் தங்கி, மேடை ஓய்ந்த பிறகு விடிய விடிய வாசித்தார்கள். ஓவன்ஸ்பரோவின் ஜூன் மாத 'ரோம்ப்' விழாவிலும் இதே கதைதான். அருங்காட்சியகத்திலும்கூட வருகிறவர்கள் வாத்தியங்களை எடுத்து வாசித்துப் பார்க்க ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த இசையைக் காப்பாற்றுவது வாசிக்கத் தெரிந்த ரசிகர்களே என்பதற்கு மறுப்புகள் உண்டு. மன்றோ தொழில்முறைக் கலைஞர். கோட்டும் தொப்பியும் அணிந்து சம்பளத்துக்கு வாசித்தவர். வட்டமாக நின்று வாசிப்பவர்கள் அவரை நகலெடுப்பவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஒலியை உண்டாக்கியது மேடை. ஆனால் வானொலி கைவிட்ட பிறகு அந்த ஒலிக்கு ஆள் சேர்த்தது மேடை அல்ல. கூட்டு வாசிப்பு எப்போதும் பழைய பாடல்களையே சுற்றிவருவதால் இசை தேங்கிவிடாதா என்பது இன்னொரு கேள்வி. 1971இல் கென்டக்கியிலேயே தோன்றிய 'நியூ கிராஸ் ரிவைவல்' குழு நீண்ட முடியும் மின்சார பேஸுமாக வந்தபோது மரபுவாதிகள் முகம் சுளித்தார்கள். அதே குழு 2020இல் புளூகிராஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. வட்டத்தில் பழகிய கைகள்தான் மரபை மீறவும் செய்தன.

கனமான மறுப்பு மூன்றாவது: இந்த வட்டம் யாருக்குத் திறந்திருக்கிறது? பாஞ்சோவின் மூலம் மேற்கு ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி அமெரிக்கா வந்தது. ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார். அவர் வாசித்ததில் ஓர் ஒலிப்பதிவுகூட இல்லை. ஆனால் மேடையிலும் வட்டத்திலும் பெரும்பாலும் வெள்ளையர்களே நின்றார்கள். 2017இல் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் மாநாட்டில் சிறப்புரையாற்றிய கறுப்பினக் கலைஞர் ரியானன் கிடன்ஸ் இந்த மறதியை நேருக்கு நேர் எடுத்துச் சொன்னார். இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. முறை எல்லோருக்கும் வரும் என்ற வட்டத்தின் விதி இனத்தின் விஷயத்தில் வெகுகாலம் செல்லுபடியாகவில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நாஷ்வில் வரை போவதுண்டு. முடிந்தால் இன்னும் கொஞ்சம் வடக்கே, பருவகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ரோசினுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பழைய களஞ்சியக் கொட்டகையில் நடக்கும் நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை.