ஒரே அடுப்பு, நாற்பது நாள்

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு ரயிலேறும் சாமிகளை மாதுங்காவும் செம்பூரும் நன்றாக அறியும். மாசி வாக்கில் ஒரு புதன்கிழமை, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அதே ரயிலில் வருபவர்களைக் கவனிப்பவர்கள் குறைவு. அவர்களில் சிலருக்கே அந்தச் சாம்பல் புதிது. கல்யாணத்தால் கத்தோலிக்கர் ஆனவர்கள், தவக்காலம் அனுசரிக்காத பெந்தெகொஸ்தே வீடுகளில் வளர்ந்தவர்கள், நடுவயதில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்கள்.

தாமதமாக வந்ததற்கு இவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெறவிருந்த பெரியவர்கள் நோன்பிருந்து தயாரான வழக்கம்தான் இக்காலத்துக்குப் பெருமளவு உருவம் கொடுத்தது. தேய்ந்துபோன அந்த முறைக்கு 1972இல் ரோம் புத்துயிர் அளித்தது. நோன்புச் சட்டமும் 18 வயதில்தான் ஆரம்பம். 59 நிறைந்தால் விடுதலை.

வார்த்தைகள் தமிழருக்கு அந்நியமல்ல. தேவாலயத்தில் ஆங்கிலமும் கொங்கணியும் ஒலித்தாலும், தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் அது விபூதிப் புதன். ஒருவேளை முழுச் சாப்பாடு என்றால் ஒருசந்தி. கறி தவிர்த்தால் சுத்தபோசனம்.

சிக்கல் வேறு இடத்தில். 1966இல் போப் ஆறாம் பவுல் கட்டாய நோன்பை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என இரண்டே நாளாகச் சுருக்கினார். பிறவிக் கத்தோலிக்கருக்கு அது நிம்மதி. புதிதாக வந்தவருக்கோ பாக்கி நாட்களில் எதை விடுவது என்பதைத் தானே முடிவுசெய்யும் தலைவலி. வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது, மீனுக்குத் தடையில்லை. வவ்வால் மீன் கிடைக்கும் மும்பையில் ஆட்டுக்கறியை விட்டதைத் தியாகம் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்!

விபூதிப் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி, நோன்பிருப்பதை யாருக்கும் காட்டிக்கொள்ளாதே என்கிறது. வாசித்த கையோடு நெற்றியில் சாம்பலும் பூசுகிறார்கள். தாராவியின் ஒற்றை அறை வீட்டில் அந்த ரகசியத்துக்கு ஏது இடம்? இருப்பது ஒரே அடுப்பு. மாமியார் இந்து, கணவர் கத்தோலிக்கர் என்றால், பரிமாறிய குழம்பை மருமகள் ஒதுக்கும்போது அது சாமி விஷயமாக நிற்காமல் சமையல் விஷயமாகிவிடும். காரணம் சொன்னால் நோன்பு அம்பலம். சொல்லாவிட்டால் வீட்டில் மனஸ்தாபம். பிறந்த வீட்டில் பார்த்த பழக்கம் இருந்தால் கைகொடுக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

2025இல் ரம்ஜான் நோன்பு மார்ச் 2ஆம் தேதி தொடங்கியது. விபூதிப் புதன் 5ஆம் தேதி. தமிழ் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்து வசிக்கும் தாராவியில், பகலில் நீட்டிய டீயை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க அந்த மாதம் ஆள் குறைவு.