சர்வரின் கடிகாரம் பிந்தினால் யார் பணம் போகும்?

இரவு 10.15-க்குக் கார்டை முடக்கச் சொல்லிப் புகார் செய்கிறீர்கள். 10.20-க்கு யாரோ பணத்தை எடுத்துவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, தவறு வாடிக்கையாளருடையதே என்றாலும், புகாருக்குப் பிறகு போன பணம் வங்கியின் பொறுப்பு. ஆனால் பணம் எடுத்ததைப் பதிந்த சர்வரின் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தால்? பதிவேட்டில் திருட்டு 10.10-க்கு, புகார் 10.15-க்கு. பொறுப்பு உங்கள் தலையில்.

இது நடக்காத கதையல்ல என்று சொல்லக் காரணம் உண்டு. பல சர்வர்கள் இன்று தனிக் கணினிகள் அல்ல. ஒரே இயந்திரத்துக்குள் பங்கு போட்டு ஓடும் மெய்நிகர் கணினிகள், அதாவது வி.எம்.கள். ஒரு வி.எம்.மை நிறுத்திவைத்து மறுபடி ஓடவிட்டால், தூங்கப்போன நேரத்தையே இப்போதைய மணி என்று அது நம்பக்கூடும். முன்பே நகலெடுத்துவைத்த பழைய ஸ்நாப்ஷாட்டிலிருந்து மீட்டாலும் இதே கதி. புதிய இயங்குதளங்கள், வி.எம்.களைத் தாங்கும் தாய் இயந்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வதால் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் தாய்க் கடிகாரமே தவறு என்றால் உள்ளே இருக்கும் அத்தனையும் தவறுதான்.

நேரத்தைத் திருத்தத்தான் என்.டி.பி. என்ற நெறிமுறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதன் பழைய மென்பொருளான என்.டி.பி.டி., வழக்கமான அமைப்பில், 1000 நொடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் திருத்தாமல் வேலையையே விட்டுவிடும். லாகில், அதாவது பதிவேட்டில், ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போகும். அதை யார் படிக்கிறார்கள்? குரோனி என்ற இன்னொரு மென்பொருள் இதற்குத் தேவலை. ஆனால் அதுவும் வழக்கமாகத் தொடக்கத்தில் மட்டுமே ஒரேயடியாகத் தாவித் திருத்தும். பிறகு மெல்ல மெல்லத்தான். வி.எம்.களில் எப்போதும் தாவ அனுமதிக்கும்படி மாற்றிவைப்பது நல்லது. தாய் இயந்திரமும் என்.டி.பி.யும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

நேரத்தைச் சரியாக வைப்பது சர்வர் நிர்வாகியின் விருப்பம் மட்டுமல்ல. சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் தங்கள் கணினிகளின் நேரத்தை என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு பொருத்த வேண்டும். பல நாடுகளில் கணினி வைத்திருப்போர் வேறு ஆதாரத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் நேரம் இவற்றிலிருந்து விலகக் கூடாது. லாக்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மீறினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியது: புகார் எண்ணையும் எஸ்.எம்.எஸ். வந்த நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் மேல்தான் தவறு என்று நிரூபிக்கும் சுமை, அதே 2017 விதிப்படி, வங்கியுடையது. நேரத்தில் முரண் தெரிந்தால், அந்தச் சர்வர் எந்த நேர ஆதாரத்தோடு பொருத்தப்பட்டிருந்தது, அன்று எவ்வளவு விலகியிருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். முறையீட்டோடு அந்தக் கேள்விக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள்.