பட்டினி முள்ளெலிக்கு பத்து வார விருந்து!

உருண்டை உடம்பெல்லாம் முள். 'சீ, கடல் முள்ளெலியையா தின்பார்கள்?' என்று முகம் சுளிக்காதீர்கள். ஜப்பானியர்கள் இதை உடைத்து, உள்ளே இருக்கும் மஞ்சள் சினையை 'உனி' என்று ஆசை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். விலையும் ஏகம்!

ஆனால் அமெரிக்காவில், வடக்கு கலிபோர்னியா கடலோரத்தில் இதுவே பெரிய தலைவலி. அங்கே கெல்ப் என்ற பாசி, தென்னை மர உயரத்துக்குக் காடாக வளரும். மீன்களுக்கு வீடு, அபலோனி நத்தைக்குச் சாப்பாடு. 2013-ல் முள்ளெலிகளைத் தின்னும் நட்சத்திர மீன்களுக்கு நோய் வந்தது. கையோடு கடலும் சூடேறியது. கேட்க ஆளில்லாமல் பெருகிய ஊதா முள்ளெலிகள், 90 சதவிகிதத்துக்கு மேல் பாசிக்காடு அழியக் காரணமாகிவிட்டன. 2018-ல் அபலோனி பிடிக்கவே தடை.

'அதான் தின்கிறார்களே, பிடித்து விற்க வேண்டியதுதானே?' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். பாசி தீர்ந்தாலும் இது லேசில் சாகாது. வருஷக்கணக்கில் பட்டினி கிடக்கும். உடைத்தால் உள்ளே காலி! யார் வாங்குவார்கள்? அதனால் முக்குளித்துப் பொறுக்கி வந்து, தொட்டியில் விட்டு, பாசியில் செய்த தீனி போட்டு வளர்த்துப் பார்க்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் சினை நிறைந்துவிடுகிறது.

வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்குப் போய் உனி ருசிக்க நேர்ந்தால், ஒன்று கவனியுங்கள். பெரும்பாலும் பச்சையாகத்தான் பரிமாறுவார்கள். கர்ப்பிணிகளும் கடல் உணவு அலர்ஜி உள்ளவர்களும் தொட வேண்டாம்.